காலி டிவிடி வாங்கப் போகிறீர்களா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிடி, டிவிடி எல்லாம் போன தலைமுறைச் சாமான் என்பார்கள். ஆனால் வழக்கு என்று போனால், "அந்த சிசிடிவி பதிவை டிவிடியில் போட்டு மூணு காப்பி கொண்டு வாங்க" என்கிறார் வக்கீல். ஆய்வேட்டோடு சிடி கேட்கும் கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. பல ஸ்கேன் சென்டர்களில் எம்ஆர்ஐ படத்தை சிடியில்தான் தருகிறார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கோ டிவிடி பிளேயர்தான் பழக்கம், பென் டிரைவ் என்றால் யாராவது பேரன் வந்து சொருக வேண்டும்.

எங்கள் வீட்டுக் கல்யாண டிவிடிகள் ஒவ்வொன்றாகப் பாதியில் நிற்கத் தொடங்கியதும் அவற்றை மீட்டுப் புது டிஸ்க்கில் எழுத இறங்கினேன். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலிருந்து புதுச்சேரி நேரு வீதி வரை கடை கடையாகக் கேட்டதற்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "எல்லாம் ஒண்ணுதான் சார், எதை வேணா எடுங்க." எல்லாம் ஒன்று இல்லை. ஆனால் விலை கூடியதுதான் நல்லது என்றும் இல்லை. மலிவான டிஸ்க்கைத் தாராளமாக வாங்கலாம்; எழுதியதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதே பதிவு இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. எதற்காக எழுதுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கொடுத்துவிட்டு வந்துவிடுவதற்கா, சில வருஷம் போட்டுப் பார்ப்பதற்கா, பிள்ளைகள் காலம்வரை வைத்திருப்பதற்கா? கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ கொடுப்பது என்றால் சாதாரண மலிவு டிஸ்க் போதும். பெரியவர்கள் பார்ப்பதற்கும் அதுவே போதும், கீறல் விழுந்தால் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

நெடுநாள் வைப்பதற்கு என்றால் கணக்கே வேறு. முதல் காப்பி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், டிஸ்க் இரண்டாவது காப்பியாக இருக்கட்டும். அதற்கு மேலும் செலவழிக்க மனமிருந்தால் புளூ-ரே டிஸ்க் பக்கம் போங்கள். ஒரு டிஸ்க்கில் 25 ஜிபி பிடிக்கும். பிடி-ஆர் என்பது ஒரு முறை மட்டும் எழுதும் புளூ-ரே டிஸ்க். சாதாரண பிடி-ஆர் டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றில் எழுதும் படலம் சிடி, டிவிடிபோலச் சாயத்தால் ஆனது இல்லை, கனிமப் பொருளால் ஆனது. அதனால் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். உறையில் எல்டிஎச் என்று போட்டிருந்தால் மட்டும் வேண்டாம், அது சாய வகை. எம்-டிஸ்க் என்ற வகையில் 1000 வருஷம் என்று விளம்பரம் உண்டு. ஆயிரத்தை விடுங்கள், நம் காலத்துக்கு வந்தால் போதும். இவற்றுக்குத் தனி ரைட்டர் வேண்டும், அதற்கே பல ஆயிரம் ஆகும் என்பதால் பெரும்பாலானோருக்கு இந்தப் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

2. ரைட்டர் டிரைவ்

இப்போது வரும் லேப்டாப்பில் டிரைவ் இல்லை. யுஎஸ்பியில் சொருகும் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்க வேண்டும். பெயர் தெரிந்த கம்பெனியுடையது 2000 ரூபாயைச் சுற்றி இருக்கும், கொஞ்சம் ஏறலாம் இறங்கலாம். அதில் பாதி விலைக்குப் பெயரே இல்லாமல் வருபவை படிக்க உதவும், எழுதுவதற்கு நம்ப முடியாது.

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் நடக்கும் சந்தையில் பழைய கம்ப்யூட்டர் சாமான்களோடு பெரிய ரைட்டர்களும் சில நேரம் கண்ணில் படும். எழுதுவதற்கு அதை வாங்காதீர்கள். லேசரும் தேய்கிற பொருள்தான். நன்றாக உழைத்த டிரைவ் நல்ல டிஸ்க்கிலும் மோசமாக எழுதும், பழி டிஸ்க்கின் மேல் விழும். ஆனால் கீறல் விழுந்த பழைய டிஸ்க்குகளைப் படிக்க இரண்டாவது டிரைவ் ஒன்று கையில் இருப்பது நல்லது, அதற்கு வேண்டுமானால் எடுங்கள்.

யுஎஸ்பி ரைட்டரை நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். நாலு பேர் பங்கு போடும் ஹப்பில் சொருகினால் எழுதும் நேரத்தில் கரண்ட் போதாமல் பாதியில் நின்று டிஸ்க் வீணாகும். ஒயரில் இரண்டு முனை இருந்தால் இரண்டையும் சொருகுங்கள்.

3. டிஸ்க் வாங்குவது

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிடியும் டிவிடியும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கட்டமைப்பு வேறு. இரண்டும் 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். சிடியில் கீழ்ப்பக்கம் முழுக்க பிளாஸ்டிக். அதற்கு மேலே பதிவு ஏறும் சாயம், பளபளப்பான உலோகப் பூச்சு, கடைசியில் மெல்லிய வார்னிஷ். நாம் பெயர் எழுதுகிற பக்கத்துக்கு நேர் கீழேதான் பதிவு இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகில் ரசத்தைச் சுரண்டியதுபோல, அந்தப் பக்கம் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடம் போனதுதான், எந்தக் கடையிலும் சரி செய்ய முடியாது. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி நடுவில் பதிவை வைத்திருக்கிறார்கள். மேல்பக்கக் கீறலுக்கு அது அவ்வளவாக அஞ்சாது. அதன் பலவீனம் ஒட்டு. விளிம்பில் பசை சரியாகப் பிடிக்காவிட்டால் காற்றும் ஈரமும் உள்ளே போகும். நம் ஊர்க் காற்றில் உப்பும் சேர்ந்து வரும்.

பிராண்டும் தயாரிப்பாளரும் ஒன்றல்ல என்பது அடுத்த விஷயம். உறையில் ஒரு பெயர் இருக்கும், செய்தது வேறு தொழிற்சாலையாக இருக்கும். தைவானின் சிஎம்சி, ரைடெக் ஆகிய இரண்டு கம்பெனிகளும் பல பிராண்டுகளுக்கு டிஸ்க் செய்து கொடுத்தவை. நல்ல டிஸ்க்குக்குப் பெயர் வாங்கிய ஜப்பானின் தையோ யூடன் 2015இல் இந்தத் தொழிலை விட்டே போய்விட்டது. வெர்பேட்டிம் டிஸ்க் வியாபாரத்தை மிட்சுபிஷி கெமிக்கல் 2019இல் சிஎம்சியிடம் விற்றுவிட்டது. நம் நாட்டு மோசர் பேயர் 2018இல் கடன் தீர்க்க முடியாமல் கலைப்புக்குப் போனது. அதனால் "எப்பவும் வாங்கற கம்பெனிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ஒரே பிராண்டுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. வெர்பேட்டிமில் ஏஸோ (ஒருவகைச் சாயத்தின் பெயர்) என்று போட்டிருப்பதும் போடாததும் ஒரே சரக்கு இல்லை, கேட்டு ஏஸோவை வாங்குங்கள்.

காலி டிஸ்க்குக்கும் வயது உண்டு. எழுதாமல் வைத்திருந்தாலும் சாயம் மெல்லக் கெடும். 5 முதல் 10 வருஷத்துக்குள் எழுதிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அதுவும் நன்றாகப் பாதுகாத்திருந்தால். கடையில் சிடி விற்பனை படுத்துவிட்டதால் அலமாரியில் இருப்பது எந்த வருஷத்துச் சரக்கு என்று கடைக்காரருக்கே தெரியாது. கண்ணாடி ஷோகேஸில் மேற்கு வெயில் படும்படி அடுக்கி வைத்திருக்கும் டிஸ்க் கட்டை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். உள்ளே குடோனில் இருக்கும் பிரிக்காத கட்டைக் கேளுங்கள்.

கடையிலேயே கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டியவை சில உண்டு. ஒரு டிஸ்க்கை விரலால் விளிம்பையும் நடு ஓட்டையையும் பிடித்துத் தூக்கி, டியூப் லைட்டுக்கு நேராக வைத்துப் பாருங்கள். ஊசி முனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சு சரியில்லை. ஒன்றிரண்டு டிஸ்க்கில் மட்டும் இருந்தால் அவற்றை ஒதுக்கலாம், எல்லாவற்றிலும் இருந்தால் கட்டையே திருப்பிக் கொடுங்கள். பிறகு டிஸ்க்கைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். பளபளப்பு விளிம்புக்குச் சற்று முன்பே ஒழுங்கான வட்டமாக நின்று, அதற்குப் பிறகு ஒரு தெளிவான வளையம் இருக்க வேண்டும். அங்கங்கே பளபளப்பு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, பசை பிதுங்கித் திட்டாக உறைந்திருந்தாலோ அந்த டிஸ்க் இரண்டு மழைக்காலம் தாங்குவதே கஷ்டம். அடிப்பக்கம் சாயம் ஒரே நிறமாக இல்லாமல் எண்ணெய் படர்ந்ததுபோல அலையலையாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

சாயத்தின் நிறத்தை வைத்தே தரம் சொல்கிறவர்கள் உண்டு. சிடியில் அடர்நீலம் என்றால் ஏஸோ, வெளிர்பச்சையும் தங்க நிறமும் கலந்ததுபோல இருந்தால் தாலோசயனின், நீலப்பச்சை என்றால் சயனின் என்பது ஓரளவு சரி. வெயிலுக்கு முதலில் மங்குவது சயனின்தான். ஆனால் டிவிடியில் பெரும்பாலும் எல்லாமே ஊதா, நிறத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

விலை கடைக்குக் கடை மாறும். காகித உறையில் லூசாகக் கொடுக்கும் டிவிடி 10 முதல் 20 ரூபாய், பெயருள்ள கம்பெனியின் டிஸ்க் 20 முதல் 30 ரூபாய், 50 டிஸ்க் அடுக்கிய கட்டு ஆயிரத்தைச் சுற்றி. சில்லறையில் ஒன்றிரண்டு வேண்டுமென்றால் லூசில் வாங்கலாம், ஆனால் அது வேறு எந்தக் கட்டிலிருந்தோ எடுத்து, யாருடைய விரல் ரேகையோ படிந்து வந்த டிஸ்க் என்பதை நினைவில் வையுங்கள். அஞ்சாறுக்கு மேல் தேவை என்றால் 10 டிஸ்க் கட்டு எடுப்பதே லாபம். பில் கேளுங்கள். "சீல் பிரிச்சா வாங்க மாட்டோம்" என்பார்கள், அதனால் "ரெண்டு டிஸ்க் எழுதிப் பார்ப்பேன், ஃபெயிலானா கட்டையே மாத்தித் தரணும்" என்று வாங்கும்போதே பேசி, பில்லில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையை நிரந்தரமாக வைக்கும் பதிவுக்கு வாங்காதீர்கள். மலிவான 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க்கும் வேண்டாம், ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் படம் தடுக்கும். பழைய பிளேயரில் ஓட வேண்டும் என்றால் டிவிடி மைனஸ் ஆர் கேளுங்கள், பிளஸ் ஆர் சில பழைய பெட்டிகளில் எடுக்காது.

4. கட்டை அப்படியே எழுதித் தள்ளாதீர்கள், ஒரு சோதனை டிஸ்க் போடுங்கள்

டிஸ்க் கட்டின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று எடுங்கள். மேலே இருக்கும் டிஸ்க்கின் மேல் அட்டையோ பிளாஸ்டிக்கோ உரசியிருக்கும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

கம்ப்யூட்டரில் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். நிறுவும்போது தேவையில்லாத எதையும் சேர்த்து டிக் போட்டுவிடாதீர்கள், சில தளங்களில் வேறு சாமானையும் ஒட்டி அனுப்புகிறார்கள். லினக்ஸ் என்றால் கே3பி. காலி டிஸ்க்கைப் போட்டதும் இம்ஜ்பர்னின் வலப்பக்கத்தில் தயாரிப்பாளர் குறியீடு வரும். சிஎம்சி மேக், ரைடெக், எம்பிஐ, எம்சிசி என்று தொடங்கும். எம்பிஐ என்றால் மோசர் பேயர், எம்சிசி என்றால் மிட்சுபிஷி. இந்தக் குறியீட்டை வைத்து யார் செய்தது என்று ஓரளவுதான் ஊகிக்கலாம், குறியீட்டையும் காப்பியடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதன் முக்கியப் பயன் வேறு: அடுத்த முறை வாங்கும் கட்டும் அதே சரக்குதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதனால் குறியீட்டை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், கடையின் பெயர், தேதி, விலையோடு.

இப்போது அந்தச் சோதனை டிஸ்க்கை முழுக்க நிரப்பி எழுதுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. மலிவு டிஸ்க்கின் கோளாறெல்லாம் வெளி விளிம்பில்தான் இருக்கும், சாயம் அங்கேதான் சமமாகப் படராமல் போகும். 500 எம்பி மட்டும் எழுதிப் பார்த்து "சூப்பர் டிஸ்க்" என்று முடிவு செய்தால், முழுப் படம் எழுதும் அன்று முகூர்த்தம் வரை ஓடி, பந்தி வரும்போது நிற்கும்.

எழுதியதும் படிப்புச் சோதனை செய்யுங்கள். நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்றவை வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும். நல்ல டிஸ்க்கில் கோடு உள்ளிருந்து வெளியே ஒரே சீராக ஏறும். கடைசிப் பகுதியில் கோடு விழுந்து விழுந்து எழுந்தால், கூடவே டிரைவ் சுழற்சி குறைந்து "உர்ர்" என்று திரும்ப ஏறும் சத்தமும் கேட்டால், அந்தக் கட்டை நெடுநாள் பதிவுக்கு வைக்காதீர்கள். பிழை எண்ணிக்கை காட்டும் மென்பொருள்களும் உண்டு. டிவிடிக்குத் தரநிலை அனுமதிக்கும் உச்சம் 8 தரவுத் தொகுதிக்கு 280 பிஐ பிழை (டிரைவ் படிக்கும்போது முதல் கட்டத்திலேயே பிடிபடும் பிழை). எல்லா டிரைவும் இந்த எண்ணைத் தராது, தந்தாலும் டிரைவுக்கு டிரைவ் மாறும். எனவே ஒரே டிரைவில் இரண்டு கட்டுகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

5. எழுதும்போது

வேகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பழைய டிஸ்க்குகளுக்கு. இப்போதைய 16 மடங்கு (உறையில் 16X) டிவிடியின் சாயம் வேகமாக எழுதுவதற்கென்றே செய்யப்பட்டது, 2 மடங்கில் எழுதினால் சில டிஸ்க்கில் பிழை கூடத்தான் செய்யும். நடுவேகம் வையுங்கள்: டிவிடிக்கு 8, சிடிக்கு 16 அல்லது 24. டிவிடி 8இல் 8 முதல் 10 நிமிடம் ஆகும், சரிபார்க்க அதே அளவு நேரம். ஒரு டிஸ்க்குக்கு 20 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் கொடுக்க வேண்டியதை இன்று ராத்திரி பத்து மணிக்கு எழுத உட்காராதீர்கள்.

4.7 ஜிபி என்று உறையில் இருக்கும், விண்டோஸ் கணக்கில் 4.38தான் வரும். அதிலும் விளிம்புவரை நிரப்பாமல் 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோளாறு பிடித்த அந்தக் கடைசி வளையத்தில் பதிவே இருக்காது. மீதமிருக்கும் இடம் வீண்தானே என்று தோன்றும், பத்துப் பதினைந்து ரூபாய்ச் சாமானில் என்ன வீண்.

இனி எதுவும் சேர்க்க முடியாதபடி டிஸ்க்கை மூடி எழுதும் (ஃபைனலைஸ்) ஆப்ஷனை டிக் செய்யுங்கள். மூடாத டிஸ்க் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும், வேறு பிளேயரில் "நோ டிஸ்க்" என்று நிற்கும். பழைய பிளேயருக்கு என்றால் டிவிடி-வீடியோ முறையில்தான் எழுத வேண்டும். எம்பி4 கோப்பை அப்படியே டேட்டாவாக எழுதிவிட்டுப் படம் வரவில்லை என்று டிஸ்க்கைத் திட்டிப் பயனில்லை.

கரண்ட் போகும் நேரம் நமக்குப் புதிதா என்ன. மேசைக் கம்ப்யூட்டர் என்றால் யுபிஎஸ் வேண்டும், லேப்டாப் என்றால் பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும். ஃபேனுக்கு நேர் கீழே தட்டைத் திறந்து வைக்காதீர்கள், ஒரு தூசி போதும்.

இம்ஜ்பர்னில் வெரிஃபை டிக் இருக்கட்டும். அது முடிந்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்து வேறொரு டிரைவில் போட்டு ஒரு பெரிய கோப்பை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்து பாருங்கள். எழுதிய டிரைவ் தன் கையெழுத்தைத் தானே படித்துவிடும். அடுத்தவர் டிரைவ் படிக்கிறதா என்பதுதான் கேள்வி.

6. டிஸ்க்கின் மேல் பெயர் எழுதுவது

பால்பாயின்ட் பேனா கூடாது. சிடியில் அதன் முனை வார்னிஷையும் உலோகப் பூச்சையும் அழுத்திவிடும். ஸ்பிரிட் வாசம் அடிக்கும் மார்க்கரும் சிடிக்கு நல்லதில்லை. தண்ணீரில் கரையும் மையுள்ள மெல்லிய மார்க்கர் வாங்கி, முடிந்தால் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் மட்டும் தேதியும் ஒரு எண்ணும் எழுதுங்கள். விவரமெல்லாம் நோட்டில் இருக்கட்டும்.

ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாதீர்கள். எங்கள் வீட்டு டிவிடிகளை எடுத்த ஸ்டுடியோ ஒவ்வொன்றிலும் மாப்பிள்ளை பெண் போட்டோவை முழு வட்ட ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுத்திருந்தது. நம் ஊர் ஈரத்தில் காகிதம் ஒருபக்கம் உப்பி, சுழலும்போது டிஸ்க் ஆட்டம் போட, டிரைவ் படிப்பதை விட்டுவிடுகிறது. சிலவற்றில் ஸ்டிக்கர் உரிந்து டிரைவுக்குள்ளேயே சுருண்டுகொண்டது. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்கப் பார்க்காதீர்கள், சிடியாக இருந்தால் பூச்சும் சேர்ந்து வரும். அப்படியே வைத்து, ஓடும் வரை ஓட்டி உடனே காப்பி எடுங்கள். இனிமேல் கல்யாண வீடியோ பேசும்போதே "ஸ்டிக்கர் வேண்டாம், மூல எம்பி4 ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் தாங்க" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுங்கள்.

7. கோர்ட்டுக்குக் கொடுப்பவர்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவைத் தரும்போது அதன் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். முன்பு 65பி சான்றிதழ் என்று சொன்னார்களே, அந்த இடத்தில் வந்தது. சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. பகுதி அ பதிவைத் தருபவர் நிரப்ப வேண்டியது, பகுதி ஆ நிபுணர் நிரப்ப வேண்டியது. எந்தக் கருவியில் எடுத்தது, அதன் மாடல், சீரியல் எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகைபோன்ற ஒரு நீளமான எண்) எல்லாம் அதில் கேட்கிறார்கள். பகுதி ஆவில் யார் கையெழுத்துப் போடலாம், என்ன கட்டணம் என்பதை உங்கள் வக்கீலிடமே கேளுங்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடையில் "சர்டிபிகேட்டோட சேர்த்து டிவிடி போட்டுத் தரோம்" என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். கருவியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் அதைப் பற்றி எப்படிச் சான்று தர முடியும்?

வரிசை முக்கியம். முதலில் டிவிஆரிலிருந்து, அதாவது சிசிடிவி பதிவாகும் பெட்டியிலிருந்து, கோப்பை எடுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள், டிவிஆர் இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். சில வீடுகளில் ஒரு வாரத்துக்கு முந்தையதே கிடைக்காது. எடுத்த உடனே, வெட்டவோ வாட்ஸ்அப்பில் அனுப்பவோ முன்பே, ஹாஷ் போடுங்கள். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் எஸ்எச்ஏ-256 வரும். அந்த நீளமான எண்ணைக் காப்பி செய்து வையுங்கள். பிறகு டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கில் இருக்கும் கோப்புக்குத் திரும்ப ஹாஷ் போடுங்கள். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் எழுதுங்கள்.

சில டிவிஆர் கோப்புகள் அந்தக் கம்பெனியின் பிளேயரில் மட்டும்தான் ஓடும். அந்த பிளேயரையும் அதே டிஸ்க்கில் சேர்த்து எழுதுங்கள். கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, கூட ஒன்று உபரி. மெல்லிய உறையில் கொடுத்தால் வழக்குக் கட்டுக்குள் நசுங்கி விரிசல் விடும், 10, 15 ரூபாய் கூடப் போட்டுக் கெட்டிப் பெட்டியில் கொடுங்கள்.

8. வைக்கும் இடம்

உறையில் நூறு வருஷம் என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அதெல்லாம் சூட்டிலும் ஈரத்திலும் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துப் போட்ட கணக்கு. டிஸ்க் பாதுகாப்புக்குச் சொல்லப்படும் அளவு 20 டிகிரிக்குக் கீழே, 20 முதல் 50 சதவீத ஈரப்பதம். நமக்குக் கத்திரி வெயிலில் நாற்பதைத் தொடும், ஐப்பசி கார்த்திகையில் ஊறுகாய் ஜாடி மூடியே பூஞ்சை பிடிக்கும். ஆக, உறையில் போட்ட வருஷம் நம் ஊருக்கு இல்லை.

செய்யக்கூடியது இவ்வளவுதான். பரணில் வைக்காதீர்கள், மொட்டை மாடிச் சூடு நேராக இறங்கும். கடல் பார்த்த சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேல், ஸ்டீல் பீரோவில் வையுங்கள். 2015 வெள்ளத்தில் கடலூர்ப் பக்கம் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பமும் சிடியும் எப்படிப் போயின என்று கேட்டுப் பாருங்கள், இந்த இடுப்பு உயரம் எதற்கென்று புரியும். இறுக்க மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, டிஸ்க்குகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து மூடுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது தெரியும், லேசாகச் சூடு காட்டித் திரும்பப் பயன்படுத்தலாம். பட்டுப்புடவை பீரோவில் வைத்தால் அந்துருண்டையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். டிஸ்க் பெட்டியின் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். புத்தகம் மாதிரிப் புரட்டும் ரெக்சின் ஆல்பம் வேண்டவே வேண்டாம், வெயில் காலத்தில் அந்த மெல்லிய உறை டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.

மழைநீர் பட்ட டிஸ்க்கைப் பார்த்துப் பதற வேண்டாம். காகித அட்டை ஒட்டிக் காய்வதற்குள் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேர்க்கோட்டில் ஒற்றி எடுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நிழலில் காயவிட்டு உடனே காப்பி எடுத்துவிடுங்கள்.

9. வருஷத்துக்கு ஒரு முறை, பழையதை மீட்பது

பொங்கல் கழிந்து ஈரம் குறைந்திருக்கும் வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுதாகப் படித்துப் பாருங்கள். வேகம் விழத் தொடங்கியது தெரிந்தால் அன்றே புது டிஸ்க்குக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ மாற்றிவிடுங்கள். ஸ்கேன் சென்டர் கொடுத்த சிடிகளுக்கு இந்தக் காத்திருப்பே வேண்டாம், வாங்கி வந்த அன்றே முழு ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள். அடுத்த முறை டாக்டர் பழைய படத்தைக் கேட்பார்.

ஏற்கெனவே திணறும் டிஸ்க் என்றால் முதலில் துடையுங்கள், பிறகு வேறு டிரைவில் போடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் மீட்பு மென்பொருள்தான்: லினக்ஸில் டிடிரெஸ்க்யூ, விண்டோஸில் ஐஸோபஸ்டர். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்ப முயலும். ஒரு டிஸ்க்குக்கு ராத்திரி முழுக்க ஆகலாம், விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அடிப்பக்கக் கீறலுக்குக் கடையில் பாலிஷ் போட்டால் பலன் உண்டு. சாயம் மங்கியதற்கும் மேல்பக்கப் பூச்சு உதிர்ந்ததற்கும் எந்தப் பாலிஷும் உதவாது, காசு கேட்பவர் அதைச் சொல்ல மாட்டார். டூத்பேஸ்ட் தேய்ப்பதும் ஒருவகைப் பாலிஷ்தான். வேறு வழியே இல்லாதபோது செய்யுங்கள், காப்பி எடுக்க ஒரே ஒரு வாய்ப்புதான் என்று நினைத்துக்கொண்டு.

கழித்துப் போடும் டிஸ்க்கை எரிக்காதீர்கள், புகை நல்லதில்லை. நெல்வயலில் குருவி விரட்டத் தொங்கவிடுவதானால் அதில் ஆதார் நகலோ பத்திரமோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் சிடியின் மேல்பக்கத்தைக் கத்தியால் சுரண்டினால் போதும், பூச்சு செதில் செதிலாக உதிர்ந்துவிடும். டிவிடிக்கு அது பலிக்காது, பழைய துணியில் சுற்றி இரண்டாக உடைக்க வேண்டும். சில்லு தெறிக்கும், கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.